ஒரே ஒரு கதவுச் சத்தம்

கொல்கத்தாவில் எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள். பேங்க் வேலையில் அங்கே மாற்றலாகிப் போன தம்பி வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். மறுநாள் ஊருக்கு ரயில். ‘கடைசி நாள் எங்கே போகலாம்?’ என்று காலையில் இட்லி சாப்பிட்டபடியே பேச்சு.

“விக்டோரியா மெமோரியல்” என்றாள் என் மகள். எனக்கு கரியாஹாட்டில் ஒரு தாந்த் புடவை வாங்கியே ஆகவேண்டும். அதுவரை எங்கே கூப்பிட்டாலும் பேசாமல் வந்துகொண்டிருந்த அப்பா, தட்டில் கை கழுவிவிட்டுச் சொன்னார்.

“எனக்கு ஒரு காரைப் பார்க்கோணும் அம்மணி.”

அப்பாவுக்கு 74 வயது. நாமக்கல்லில் 40 வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை விட்டும் பத்து வருஷம் ஆகிறது. ஆனால், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அவருடைய 1979-ம் வருஷத்து அம்பாசிடர் இன்னும் நிற்கிறது. ஓடாது. டயர் மண்ணில் புதைந்து, சீட்டில் பூனை குட்டி போட்டு, பானெட் முழுக்க வேப்பம்பழக் கறை. பழைய இரும்புக்காரர் 28,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். “கொடுத்துடுங்கப்பா, இடமாவது மிஞ்சும்” என்று தம்பி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா ‘சரி’ என்றும் சொல்லவில்லை, ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை.

அதனால், ‘கார்’ என்றதும் தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

எல்ஜின் ரோட்டு வீடு

மஞ்சள் டாக்ஸி பிடித்தோம். அதுவும் அம்பாசிடர்தான். முன் சீட்டில் உட்கார்ந்த அப்பா, பாஷை தெரியாமலே டிரைவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். கிளட்சைக் காட்டி ஒரு தலையாட்டல், கியரைக் காட்டி ஒரு சிரிப்பு. எல்ஜின் ரோட்டில் இறங்கும்போது இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். (அந்தச் சாலைக்கு இப்போது லாலா லஜபதி ராய் சரணி என்று பெயர். ஆனாலும் ‘எல்ஜின் ரோடு’ என்றால்தான் எல்லோருக்கும் தெரிகிறது.)

நேதாஜி பவன். சுபாஷ் சந்திர போஸின் அப்பா ஜானகிநாத் போஸ் 1909-ல் கட்டிய வீடு. இன்று அருங்காட்சியகம். அங்கேதான் அப்பா பார்க்க வந்த கார் நிற்கிறது. பதிவு எண், பி.எல்.ஏ. 7169.

ஜெர்மன் தயாரிப்பான வான்டரர் டபிள்யூ 24. 1937-ம் வருஷத்து வண்டி. நான்கு கதவு, நான்கு சிலிண்டர், 1.8 லிட்டர் இன்ஜின், 42 குதிரைத்திறன். இன்றைக்கு நம் வீட்டுச் சின்ன காருக்கே இதைவிட சக்தி அதிகம். ‘வான்டரர்’ என்றால் ஜெர்மன் மொழியில் கால்நடையாகவே ஊர் ஊராகத் திரிபவர் என்று அர்த்தம். ஆரம்பத்தில் சைக்கிள் செய்து, பிறகு டைப்ரைட்டர் செய்து, அப்புறம் காருக்கு வந்த கம்பெனி அது.

1932-ல் வான்டரர், ஆடி, ஹோர்ச், டி.கே.டபிள்யூ. என்று நான்கு கார் பிராண்டுகள் ‘ஆட்டோ யூனியன்’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. இப்போது ஆடி காரின் முகப்பில் பார்க்கிறீர்களே நான்கு வளையம், அது அந்த நான்கு பேரைத்தான் குறிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ‘வான்டரர்’ என்ற பெயரில் கார் வரவே இல்லை.

“அப்போ ஸ்பேர் பார்ட்ஸுக்கு என்ன பண்ணுவாங்க அப்புச்சி?” என்றாள் மகள்.

“அதைத்தான் கண்ணு நானும் யோசிச்சிட்டு இருக்கேன்” என்றார் அப்பா.

அந்த ராத்திரி

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும், அந்த வீட்டில் நின்றுகொண்டு கேட்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

1940 ஜூலையில் போஸைச் சிறையில் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. நவம்பர் கடைசியில் அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். உடல்நிலை மோசமானதும், டிசம்பர் 5-ம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறைக்கு வெளியே வந்தாரே தவிர, விடுதலை இல்லை. தெருமுனையில் மப்டி போலீஸ் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார் போஸைக் கூப்பிட்டு, தனக்கு ஒரு வேலை செய்துதர முடியுமா என்று கேட்டார். சிசிர் மருத்துவக் கல்லூரி மாணவர். வயது 20. சித்தப்பா சொன்ன வேலை இதுதான்: யாருக்கும் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக கொல்கத்தாவைத் தாண்டி வெகுதூரம் கொண்டுபோய் விடவேண்டும்.

குடும்பத்தில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று, பெரிய அமெரிக்க ஸ்டூட்பேக்கர். வேகமானது, ஆனால் அது சரத் போஸின் கார் என்று ஊருக்கே தெரியும். இன்னொன்று இந்த வான்டரர். சின்னது, யார் கண்ணையும் உறுத்தாது. சிசிர் வான்டரரைத் தேர்ந்தெடுத்தார். தாங்குமா என்று பார்க்க, முன்கூட்டியே பர்த்வான் வரை ஓட்டிப் பார்த்துவிட்டும் வந்தார்.

1941 ஜனவரி 16 கழிந்து 17 பிறந்த நடுராத்திரி. தாடி வளர்த்து, நீளக் கோட்டும் தொளதொள பைஜாமாவும் கறுப்புத் தொப்பியுமாக, இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் முகம்மது ஜியாவுதீனாக மாறியிருந்தார் போஸ். அவர் அறையிலிருந்து இறங்கிவந்த வழியில் இப்போது காலடித் தடங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். என் மகள் அதன் ஓரமாகவே, மிதிக்காமல் நடந்து வந்தாள்.

அப்பாவை நிற்க வைத்தது ஒரு சின்ன விஷயம். போஸ் பின் சீட்டில் ஏறியதும் தன் பக்கக் கதவைச் சாத்தவில்லை. கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சிசிர் மட்டும் டிரைவர் கதவைச் சாத்தினார். கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கதவுச் சத்தம். அதாவது, காரில் போவது ஓர் ஆள்தான்!

“அந்தக் காலத்துக் கதவு அழுத்தமான தகடு. சாத்தினா ‘டொம்’முனு தெரு முழுக்கக் கேட்கும்” என்றார் அப்பா. “அதைக்கூட யோசிச்சிருக்காரு பாரு.”

இரவெல்லாம் ஒரு பயணம்

ஹூக்ளி ஆற்றைத் தாண்டி, கிராண்ட் டிரங்க் ரோட்டைப் பிடித்து, மேற்கு நோக்கி ஓடியது வண்டி. இன்றைக்கு நாம் பார்க்கும் ஹௌரா பாலம் அப்போது திறக்கப்படவில்லை. அது 1943-ல்தான் வந்தது. ஹெட்லைட் வெளிச்சம் தவிர வேறு துணை இல்லை. வழியில் பஞ்சர் ஆனாலோ, ரேடியேட்டர் கொதித்தாலோ, கதை அங்கேயே முடிந்திருக்கும்.

விடிந்த பிறகு தன்பாத் பக்கம் பராரியில் இருந்த அண்ணன் அசோக் போஸின் வீட்டுக்கு சிசிர் போய்ச்சேர்ந்தார். சித்தப்பாவைச் சற்றுத் தள்ளியே இறக்கிவிட்டிருந்தார். முன்பின் தெரியாத இன்ஷூரன்ஸ்காரர் மாதிரி போஸ் தனியாக நடந்து வந்தார். வேலைக்காரர்கள் எதிரில் வீட்டார் அவரிடம் அந்நியரைப் போலவே பேசினார்கள். சொந்த அண்ணன் மகன் வீட்டிலேயே விருந்தாளி வேஷம்! அன்று ராத்திரி அங்கிருந்து கோமோ ரயில் நிலையம். கல்காத்தாவிலிருந்து வரும் கல்கா மெயிலில் ஏறி டெல்லி, அப்புறம் பெஷாவர், காபூல், மாஸ்கோ. ஏப்ரல் 2-ம் தேதி பெர்லின்.

சிசிர் அதே காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு கொல்கத்தா வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தார். போஸ் வீட்டில் இல்லை என்பது வெளியே தெரிந்தது ஜனவரி 26-ம் தேதிதான். அதற்குப் பிறகு அந்த இளைஞரும் சிறைக்குப் போனார். விடுதலையாகி, படிப்பை முடித்து, குழந்தைகள் டாக்டரானார்.

அன்று அந்த வண்டி நடுவழியில் நின்றிருந்தால், இரண்டு வருஷம் கழித்து சிங்கப்பூருக்கு நேதாஜி வந்திருக்க முடியாது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அவர் பின்னால் திரண்டிருக்கவும் முடியாது. நம் ஊர்ப் பக்கம் ‘தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார்’ என்று சொல்லும் குடும்பங்கள் எத்தனை! அந்தக் கதைகளுக்கும் இந்தக் காருக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது.

மறுபடி உயிர்

போஸ் குடும்பத்து வண்டியாக இருந்த வான்டரர், பிற்பாடு நேதாஜி ஆராய்ச்சி மையத்தின் சொத்தானது. 1957-ல் அந்த மையம் தொடங்கப்பட்டது இதே வீட்டில்தான். பல வருஷம் ஓடாமல் காட்சிப் பொருளாகவே நின்றது கார். பிறகு ஆட்டோ யூனியனின் வாரிசான ஆடி கம்பெனியின் உதவியோடு, 1941-ல் இருந்த தோற்றத்துக்கே அதைக் கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரி 18-ம் தேதி, அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதைத் திறந்து வைத்தார்.

“வண்டி ஓடி ஓடிக் கெடுறதைவிட, நின்னு கெடுறதுதான் ஜாஸ்தி” என்று அப்பா பாடம் நடத்த ஆரம்பித்தார். பெட்ரோல் டேங்கிலேயே கிடந்து பிசின் மாதிரி ஆகும். அது கார்பரேட்டரின் சின்னச் சின்ன ஓட்டைகளை அடைக்கும். சிலிண்டருக்குள் ஈரம் இறங்கி, பிஸ்டன் துருவோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பூராவும் வெடிக்கும். ஒயருக்கு மேலே இருக்கும் உறை உதிரும். பிரேக் ஆயில் தண்ணீரை இழுத்து, உள்ளே அரிக்கும். கொல்கத்தா மாதிரி ஈரக்காற்று ஊரில் கேட்கவே வேண்டாம்.

“அப்புறம் எப்படிப்பா சரி பண்ணுவாங்க?”

“கழட்டோணும். ஒவ்வொண்ணா கழட்டி, நம்பர் போட்டு, படம் எடுத்து வெச்சுக்கோணும். கிடைக்காத சாமானைக் கடைசல் போட்டுத்தான் செய்யோணும். கஷ்டம் அது இல்லை. எதை மாத்தலாம், எதை மாத்தக் கூடாதுன்னு தெரியோணும். எல்லாத்தையும் புதுசா மாத்திட்டா வண்டி பளபளன்னு இருக்கும். ஆனா, அந்த ராத்திரி போன வண்டி அது இல்லியே!”

அதைச் சொல்லும்போது அப்பா காரைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்களும் போகலாம்

கொல்கத்தா மெட்ரோவில் ‘நேதாஜி பவன்’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கினால் நடக்கும் தூரம்தான். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். குழந்தைகளோடு போவதென்றால், கதையை முதல் நாளே சொல்லிக் கூட்டிப் போங்கள். கோமோ ஸ்டேஷனுக்கு 2009-லிருந்து நேதாஜியின் பெயர். 2021-ல் கல்கா மெயிலும் ‘நேதாஜி எக்ஸ்பிரஸ்’ ஆகிவிட்டது.

உத்தர்பாராவில் பிறந்த வண்டி

ராத்திரி சாப்பிடும்போது தம்பி ஒரு விஷயம் சொன்னான். அம்பாசிடர் காரைச் செய்த தொழிற்சாலை இருந்தது உத்தர்பாராவில். ஹௌராவிலிருந்து கிராண்ட் டிரங்க் ரோட்டில் வடக்கே போனால் வரும் ஊர். 2014-ல் அங்கே உற்பத்தி நின்றது.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். “நம்ம வண்டியும் அங்கே செஞ்சதுதானே?”

“ஆமாப்பா” என்றவன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் பொறந்த ராத்திரி அம்மாவை சேலத்துக்கு அதுலதானே கூட்டிப் போனீங்க?” என்று கேட்டான்.

“ராசிபுரம் தாண்டினதும் ஃபேன் பெல்ட் அறுந்துபோச்சு. உங்கம்மா முந்தானையைக் கிழிச்சுக் குடுத்தா. அதை முறுக்கிக் கட்டித்தான் ஓட்டினேன்.”

நாங்கள் இரண்டு பேருமே அந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளும் சொன்னதில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் இரும்புக்காரர் வந்தார். அப்பா அவருக்கு டீ கொடுத்து, இப்போதைக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார். ரிப்பேர் பார்க்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டோம். இரண்டரை லட்சம் வருகிறது. எங்களால் ஒரேயடியாக முடியாது. “மாசம் அஞ்சாயிரம் நான் அனுப்பறேன்” என்று தம்பி போனில் சொன்னான். ‘கொடுத்துடுங்கப்பா’ என்று சொன்ன அதே தம்பி!

நேற்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் அப்பா. பக்கத்தில் என் மகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, கழட்டியதற்கெல்லாம் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஓடுமாப்பா?” என்றேன்.

“ஊறட்டும் அம்மணி. ஒரு வாரம் கழிச்சு சுத்திப் பார்ப்போம்” என்றார்.