யர்பூஃ தோண்டும் மறைவாயில்

'முனாஃபிக்' என்னும் சொல் நம் வீடுகளில் மிக எளிதாக நாவில் வந்துவிடுகிறது. சொத்துப் பிரிவினையில் மனம் கசந்த உடன்பிறந்தார் ஒருவரையொருவர் அவ்வாறு ஏசிக்கொண்டதை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். ஆனால் அச்சொல், அரபுப் பாலையில் ஒரு சிற்றுயிர் தோண்டும் வளையோடு உறவுடையது என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

அவ்வுயிரின் பெயர் யர்பூஃ. ஃபிக்ஹு கிதாபு ஓதும் மாணவர் இப்பெயரைச் சந்திக்கும்போது, "அது என்ன ஹஜ்ரத்?" என்று கேட்பர். "ஒரு வகை எலி" என்ற விடையோடு பாடம் மேலே நகர்ந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கம். நாம் மட்டும் அவ்விடத்தில் சற்று நின்று, கரும்பலகையில் அதன் உருவத்தை வரைந்து காட்டி வருகிறோம். பொருளை அறியாமல் சொல்லை மட்டும் மனனம் செய்வது கல்வியாகாது அன்றோ?

வட ஆப்பிரிக்காவின் பாலைகளிலும் அரபுத் தீபகற்பத்திலும் வாழும் சிறு யர்பூஃவின் உடல் ஏறத்தாழ அரைச் சாண் நீளமே இருக்கும். வாலோ உடலைவிட நீண்டது. அதன் நுனியில் கருப்பும் வெண்மையுமாய் ஒரு குஞ்சம். முன்கால்கள் மிகக் குறுகியவை. பின்கால்கள் அவற்றைப்போல் நான்கு மடங்கு நீண்டவை. பின்பாதத்தில் மூன்றே விரல்கள். அடிப்பாதத்தில் அடர்ந்த மயிர் இருப்பதால் இளமணலிலும் கால் புதையாது. எறிவேல் போல் பாய்வது கருதியே 1758இல் லின்னேயஸ் இட்ட பெயரிலும் 'ஜாகுலுஸ்' என்னும் லத்தீன் சொல் அமைந்தது. ஐரோப்பியர் வழங்கும் 'ஜெர்போவா' என்ற பெயரோ அரபுச் சொல்லின் திரிபேயாகும்.

விதையும் வேரும் பசுந்தழையும் இதன் உணவு. எப்போதேனும் பூச்சிகளையும் தின்னும். நீர் அருந்தாமலே, உணவிலுள்ள ஈரத்தைக் கொண்டு உயிர் வாழும் ஆற்றலை இறைவன் இதற்கு அளித்துள்ளான். இரவில் இரை தேடும். பகலில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே உறங்கும். வெளிவெப்பம் நுழையாமலும் உள்ளீரம் வெளியேறாமலும் அவ்வடைப்புக் காக்கிறது.

இனி வளையின் அமைப்பைக் காண்போம். யர்பூஃ நுழையும் வாயிலுக்கு அரபிகள் 'காஸிஆ' என்று பெயரிட்டனர். மற்றொரு வழியை அது தரைமட்டம் வரை தோண்டிவந்து, மேலே மெல்லிய மண்படலத்தை மட்டும் விட்டுவைக்கும். இதுவே 'நாஃபிகா'. பகை முன்வாயிலில் வந்து நின்றால், அப்படலத்தைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு பாய்ந்தோடிவிடும். இக்கால விலங்கியலாரும் இத்தகைய மறைவழியை இதன் வளையில் கண்டு எழுதியுள்ளனர். மார்க்கத்தில் ஒரு வழியாக நுழைந்து வேறொரு வழியாக நழுவுகிறவனுக்கு 'முனாஃபிக்' என்ற பெயர் இதனால் வந்ததென்று அகராதி ஆசிரியர் பலர் விளக்கினர். 1311இல் மறைந்த இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியிலும் இவ்விளக்கத்தைக் காணலாம்.

எனினும் அவ்வுயிரை யாரும் இழிவாகக் கருதவில்லை. தமீம் குலத்தின் ஒரு பெருங்கிளை 'பனூ யர்பூஃ' என்றே பெயர் பூண்டிருந்தது; கவிஞர் ஜரீர் அக்கிளையினரே. ஷாஃபிஈ மத்ஹபில் இதன் இறைச்சி ஆகுமானது. ஹனஃபீ மத்ஹபில் ஆகாது. இஹ்ராமில் இருப்பவர் இதனைக் கொன்றுவிட்டால் நான்கு மாதப் பெண் ஆட்டுக்குட்டி ஒன்றை ஈடாகத் தரவேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் உயிருக்கும் ஒரு விலை உண்டு!

யர்பூஃ தன் மறைவாயிலால் நரியையும் பாம்பையும் ஏமாற்றுகிறது. உயிர் காத்துக்கொள்வதன்றி அதற்கு வேறு நோக்கம் இல்லை. மனிதனோ தன்னை நம்பியவரிடமே அவ்வாயிலைத் தோண்டுகிறான். வளைக்கு அரணாக இருப்பது நெஞ்சுக்கு நோயாகிவிடுகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாஃபிகாவை வெளியில் நிற்பவர் காண இயலாது. மேலே பார்த்தால் மற்ற நிலத்தைப் போன்றே சமமான மண். அது எங்கே இருக்கிறது என்பது உள்ளே இருக்கும் உயிருக்கும் அதைப் படைத்தவனுக்குமே தெரியும். அப்படியாயின், பிறர் நெஞ்சுக்கு வெளியே நிற்கும் நாம் அங்கே மறைவாயில் இருக்கிறதென்று எந்தத் துணிவில் தீர்ப்புக் கூறுகிறோம்? இச்சொல்லைப் பிறர்மீது எறியும் உரிமையை வளையின் அமைப்பே நமக்கு மறுக்கிறது. நாம் உள்ளே இறங்கித் தேடத்தக்க வளை ஒன்றே ஒன்றுதான். அது நம் நெஞ்சு.