சூடு தந்த முகம்

கார்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதற்குப் பெரிய திறமை ஒன்றும் தேவைப்படவில்லை. சாலையில் ஓடியவை அம்பாசடரும் ஃபியட்டும்தான். எப்போதாவது ஒரு பென்ஸ். அது வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நிமிர்ந்து நிற்கும் குரோம் கிரில், அதற்கு மேல் மூன்று முனை நட்சத்திரம். எந்த மாடல், என்ன விலை என்று எதுவும் தெரியாதவர்கூட ‘பென்ஸ் வருது’ என்று ஒதுங்கி நிற்பார்.

சென்ற ஆண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வழவழப்பான நீளக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் எங்களைக் கடந்து போனது. “மாமா, அது என்ன கார்?” என்றான் அக்கா மகன். சிக்னலில் அதன் பின்னால் போய் நின்று, எழுத்தைப் படித்த பிறகுதான் பதில் சொல்ல முடிந்தது: மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ். “பென்ஸா? பென்ஸ்னா ஸ்டார் மேல நிக்குமே?” என்றான். இந்தியாவில் 1.55 கோடி ரூபாய்க்கு அறிமுகமான காரை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மின்சாரக் கார்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. புகை இல்லை, இரைச்சல் இல்லை, மிதித்தவுடன் பாய்கிறது. சொகுசுக் கார் செய்கிறவர்கள் நூறு வருடமாகத் துரத்தியது இந்த அமைதியைத்தானே? அது கைக்கு வந்த நேரத்தில் முகத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்பதுதான் விசித்திரம். ஏன் தொலைந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த முகம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

அது அழகுக்காக வந்ததில்லை, சூட்டால் வந்தது. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் சூடாகவே வீணாகிறது. அந்தச் சூட்டைத் தணிக்காவிட்டால் என்ஜின் இறுகிவிடும். 1900 டிசம்பரில் எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரிக்கு ஒரு கார் ஒப்படைக்கப்பட்டது. அவர் மகளின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள், மெர்சிடிஸ். அதை வடிவமைத்த வில்ஹெல்ம் மேபாக், சதுரக் குழாய்கள் 8,070-ஐ அடுக்கித் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டரைச் செய்து முன்னால் நிறுத்தினார். எதிர்க்காற்று அதன் வழியே புகுந்து தண்ணீரைக் குளிர்விக்கும். பெரிய என்ஜினுக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். ஆகவே கிரில் பெரிதாக இருந்தால் கார் பலசாலி என்று அர்த்தமாயிற்று. ரேடியேட்டரின் மூடி இருந்த இடம்தான் பின்னாளில் பென்ஸ் நட்சத்திரத்தின் பீடம். ரோல்ஸ்ராய்ஸ் காரின் முன்னால் சாய்ந்து நிற்கும் சிலைப் பெண்ணும் 1911 முதல் ரேடியேட்டர் மூடியின்மேல் நின்றவள்தான்.

நீண்ட பானெட்டின் கதையும் இதுவே. ஆறு, எட்டு, பன்னிரண்டு சிலிண்டர் என்று என்ஜின் நீள நீள பானெட்டும் நீண்டது. முன்சக்கரத்துக்கும் முன்கதவுக்கும் நடுவே இடைவெளி கூடியது. அந்த இடைவெளியைப் பார்த்தே நம் கண் ‘இது பணக்காரன் வண்டி’ என்று முடிவுகட்டப் பழகிவிட்டது.

மின்மோட்டார் இதையெல்லாம் ஒரே நாளில் அர்த்தமில்லாமல் ஆக்கியது. மோட்டார் சின்னது, அதன் சூடும் குறைவு. கனமான பேட்டரியோ தரைக்கு அடியில் பாயாக விரிந்து, உட்காருபவரை மேலே தூக்குகிறது. கூரை உயர்கிறது, பெரிய சக்கரம் போட்டு அந்த உயரத்தை மறைக்க வேண்டியிருக்கிறது. போதாததற்குக் காற்று வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஒரே சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வி. எனவே காற்று கேட்ட இடத்திலெல்லாம் வடிவமைப்பாளர் விட்டுக்கொடுத்தார்.

2021-ல் இ.க்யூ.எஸ்ஸைக் காட்டியபோது அதன் காற்றிழுவை எண் 0.20. விற்பனைக்கு வரும் கார்களில் இதுவே மிகக் குறைவு என்று நிறுவனம் அப்போது பெருமையடித்துக்கொண்டது. இங்கே நடந்த அதிகாரபூர்வச் சோதனையில் ஒரே சார்ஜுக்கு 857 கிலோமீட்டர். பொறியியலாக அபாரம். ஆனால் மூக்கிலிருந்து வால்வரை ஒரே வில்லாக வளைந்த அந்த உருவத்தில் எங்கே பானெட் முடிகிறது, எங்கே கூரை தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கிரில் இருந்த இடத்தில் பளபளக்கும் கறுப்புப் பலகை. நட்சத்திரம் அதற்குள் தட்டையாகப் படுத்துவிட்டது. பானெட்டைச் சொந்தக்காரர் திறக்கவே கூடாதாம், சர்வீஸ்காரர்கள் மட்டும்தான் திறக்கலாமாம். கண்ணாடி கழுவும் தண்ணீரை ஊற்ற, இடது மட்கார்டில் ஒரு குட்டி மூடி வைத்திருக்கிறார்கள். வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேர் ஆலோசனை சொல்லும் நம் ஊர் ஜனநாயகத்துக்கு அதில் இடமில்லை. உள்ளே போனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 141 சென்டிமீட்டர் கண்ணாடித் திரை. திரை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பொருத்தக்கூடிய சாமான். நாளைக்கே இதில் பாதி விலைக் காரில் இதைவிடப் பெரிதாக வரும். மரமும் தோலும், திருகினால் ‘டக்’கென்று விழும் குமிழும் அப்படி எளிதில் வந்துவிடாது.

காற்றின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்றால், அதே கம்பெனியின் பழைய கார் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. 1984 கடைசியில் வந்த டபிள்யூ 124. அதுவும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கப்பட்டதுதான்; டிக்கிப் பக்கம் இரு ஓரங்களும் உள்வாங்கிக் குறுகுவது காற்றுக்காக. இழுவை எண் 0.30-ஐ ஒட்டி வந்தது, அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. ஆனாலும் கிரில் நிமிர்ந்து நின்றது, அதன்மேல் நட்சத்திரமும். தூரத்தில் நிழலாக வந்தாலும் பென்ஸ் என்று தெரியும். 1995-ல் புனேயில் டாடாவின் டெல்கோவுடன் சேர்ந்து இந்தியாவில் முதலில் தயாரித்த பென்ஸ் கார் இதுவே. நன்றாக வைத்திருப்பவர்கள் இன்றும் விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். இந்தக் காரின் வடிவத்துக்குப் பின்னால் இருந்தவர் புரூனோ சாக்கோ, 1975 முதல் 1999 வரை மெர்சிடிஸில் வடிவமைப்புத் தலைவர். ஒரே காலத்து பென்ஸ் கார்கள் ஒன்றுக்கொன்று உறவாகத் தெரிய வேண்டும், புதிய கார் வந்ததும் பழையது கிழடாகத் தெரியக் கூடாது என்ற இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இ.க்யூ.எஸ் பக்கத்தில் அதே கம்பெனியின் எஸ் கிளாஸை நிறுத்திப் பாருங்கள், முதல் நிபந்தனையே தேறாது.

பி.எம்.டபிள்யூ எதிர்த்திசையில் போய் இடித்துக்கொண்டது. 1933-லிருந்து அவர்கள் காரில் இருக்கும் இரட்டைச் சிறுநீரகக் கிரில்லை, தேவை தீர்ந்த பிறகு இன்னும் பெரிதாக்கினார்கள். 2021-ன் ஐ.எக்ஸ் காரில் அது காற்றே புகாத மூடிய பலகை. உள்ளே கேமராவும் ரேடாரும். மேலே சின்னக் கீறல் விழுந்தால் ஒரு நாளில் தானாகவே ஆறிவிடும் பூச்சு வேறு. கேஸ் அடுப்பு வாங்கிய பிறகு கூரையில் புதிதாகப் புகைபோக்கி கட்டினாற்போல. 2025-ல் வந்த ஐ.எக்ஸ்3-ல் அதைச் சுருக்கி, 1960-களின் பழைய கார்களை நினைவூட்டும்படி ஒல்லியாகச் செங்குத்தாக வைத்திருக்கிறார்கள். புத்தி வந்ததற்கு அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜாகுவார் விஷயம் நமக்குக் கொஞ்சம் நெருக்கம். 2008 முதல் அது டாடாவின் சொத்து, ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் ஜாகுவார் லேண்ட்ரோவர் வண்டிகளையும் தயாரிப்பதற்கான ஆலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2018-ல் அவர்கள் கொண்டுவந்த ஐ-பேஸ் நேர்மையான மின்சாரக் கார். என்ஜின் இல்லாததால் பானெட்டைக் குட்டையாக்கி, அந்த இடத்தைப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். 2019-ல் உலகின் சிறந்த கார் விருதும் கிடைத்தது. அந்த வழியிலேயே போயிருக்கலாம். 2024 நவம்பரில் கார் ஒன்றுகூட இல்லாத விளம்பரத்தை வெளியிட்டுப் பழைய பாய்ச்சல் சிறுத்தைச் சின்னத்தையும் மாற்றி வரைந்தார்கள். அடுத்த மாதம் மயாமியில் காட்டிய மாதிரிக் காரில், அடியில் என்ஜின் இல்லாத மிக நீண்ட பானெட்! மரபை உதறுகிறோம் என்று முழங்கிவிட்டு, மரபிலிருந்து எடுத்துக்கொண்டது அதன் வெற்று மேலோட்டை மட்டும்.

போர்ஷே தப்பித்தது எப்படி? பாதி அதிர்ஷ்டம். அவர்களுடைய 911-க்கு என்ஜின் பின்னால். 1990-களின் கடைசிவரை காற்றாலேயே குளிர்ந்த என்ஜின். முன்னால் கிரில்லே இல்லாததால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. மீதிப் பாதி உழைப்பு. 2019-ல் டைகானைச் செய்தபோது, பேட்டரி கூரையைத் தூக்கிவிடும் என்று தெரிந்து, பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் பேட்டரியிலேயே பள்ளம் விட்டார்கள். கொஞ்சம் பேட்டரி போனது, தாழ்ந்த கூரைக்கோடு நின்றது. போர்ஷேயின் அடையாளம் அந்தக் கோட்டில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சொகுசுப் பட்டியலில் இல்லாத ஹூண்டாய் இந்தப் பாடத்தை இன்னும் நன்றாகப் படித்திருக்கிறது. 1974-ல் வடிவமைப்பாளர் ஜுஜாரோ அவர்களுக்கு வரைந்து கொடுத்த போனி கூப்பே என்ற மாதிரிக் காரின் கூர்மையான மடிப்புகளை எடுத்து, குட்டிக் குட்டிச் சதுர விளக்குகளோடு ஐயானிக் 5 செய்தார்கள். சென்னை ஆலையிலும் பொருத்தப்படும் கார் அது. கும்மிருட்டில் வந்தாலும் அக்கா மகன் அதைச் சொல்லிவிடுகிறான்.

மெர்சிடிஸ் இப்போது கிரில்லைத் திரும்ப அழைத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் மியூனிக்கில் காட்டிய மின்சார ஜி.எல்.சி. காரில் பெரிய குரோம் சட்டம். விரும்பினால் அதற்குள் 942 ஒளிப்புள்ளிகள் மின்னும். மேபாக் 8,070 குழாய்களை அடுக்கியது ஒரு வேலைக்காக. இந்த 942-க்கு ‘நான்தான் பென்ஸ்’ என்று கூவுவதைத் தவிர வேலை இல்லை. முகம் இல்லாமல் இருந்ததைவிட இது மோசம் என்பேன்.

டபிள்யூ 124-ன் கிரில்லைத் தொட 1993 வரை அவர்களுக்குத் தோன்றவில்லை. 2021-ல் வந்த இ.க்யூ.எஸ்ஸுக்கோ 2024-லேயே கறுப்புப் பலகையின்மேல் குரோம் கோடுகளைப் போட்டு, நட்சத்திரத்தை மறுபடியும் பானெட்டில் ஏற்றிவிட்டார்கள்.