சார்ஜர் யாரோடு பேசுகிறது?

மின்சாரக் கார் சார்ஜர் என்றால் பிளக், ஒயர், மீட்டர் அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஓயாமல் பேசும் இயந்திரம். ஸ்விட்சைப் போட்டதும் எங்கோ இருக்கும் சர்வருக்கு, "நான் இன்ன மாடல், எழுந்துவிட்டேன்" என்று செய்தி அனுப்பும். பிறகு அவ்வப்போது "உயிரோடுதான் இருக்கிறேன்" என்று சொல்லும். இந்தச் செய்திக்குப் பெயரே இதயத்துடிப்பு! நாம் கார்டைக் காட்டினால், "இவருக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கும். அனுமதி கிடைத்தபின் மின்சாரம் பாயும், மீட்டர் கணக்கும் சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

நெதர்லாந்தில் 2009-ல் மின் விநியோக நிறுவனங்கள் சேர்ந்து ஈலாட் என்ற அமைப்பைத் தொடங்கி, நாடெங்கும் சார்ஜர்கள் வைக்கப் புறப்பட்டன. பல கம்பெனிகளின் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் தன் சர்வரோடு மட்டும் பேசினால் எப்படி நிர்வகிப்பது? அதற்காக உருவான பொது மொழிதான் ஓப்பன் சார்ஜ் பாயின்ட் புரோட்டோகால், சுருக்கமாக ஓசிபிபி. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2015-ல் வந்த 1.6 பதிப்பு இன்னும் பரவலாக இருக்கிறது. 2.0.1 பதிப்பை 2024-ல் ஐ.இ.சி. அமைப்பு சர்வதேசத் தரமாகவே ஏற்றுக்கொண்டது.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்த எனக்கு இது புதிய பாடம் இல்லை. ஸ்ட்ரோஜர், கிராஸ்பார், பிரெஞ்சுக்காரர்களின் ஈ-10பி, நம் நாட்டு சி-டாட் என்று எத்தனையோ விதமான எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன. ஆனாலும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேச முடிந்தது. காரணம், அவற்றுக்கு இடையே சிக்னல் முறை பொதுவாக இருந்ததுதான்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பாதி விலையில் மூன்று சார்ஜர்கள் தருகிறோம் என்றார்.

"ஓசிபிபி உண்டா?" என்று கேட்டேன்.

"எங்க ஆப்பே போதும் சார்."

"நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறணும்னா?"

"ஏன் சார் மாறணும்?"

பொருளாளருக்கு என்மேல் கோபம். பென்ஷன்காரர்கள் நிறைந்த இடம்; பாதி விலையை விட அவருக்கு மனம் வரவில்லை. அது நியாயம்தான். நான் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னேன். 2024 அக்டோபரில் எனல் எக்ஸ் வே நிறுவனம் அமெரிக்கா, கனடாவில் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. வீட்டு சார்ஜர்கள் மின்சாரம் ஏற்றும், ஆனால் ஆப் வேலை செய்யாது. வணிக இடங்களில் வைத்தவை, மென்பொருள் தொடராவிட்டால் செயல்படாது என்றார்கள். சுவரில் மாட்டிய இயந்திரம் நன்றாகவே இருக்கிறது. மறுமுனையில் பேசத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஓசிபிபி உள்ள சார்ஜர்களை முழு விலைக்கு வாங்கினோம். மூன்றுக்குப் பதில் இரண்டுதான் கட்டுப்படியானது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கார்கள் வரிசைகட்டும்போது திட்டு எனக்குத்தான் விழுகிறது. வாங்கிக்கொள்கிறேன்.

ஓசிபிபி இருந்தால் எல்லாக் கஷ்டமும் தீரும் என்று சொல்லமாட்டேன். ஊர் ஊராகப் போகிறவர் போனில் ஏழெட்டு ஆப் வைத்திருக்கும் தொல்லை இதனால் போகாது. அதற்கு கம்பெனிகள் தங்களுக்குள் கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஓசிபிஐ என்ற இன்னொரு பொது மொழி அதற்கானது. ஓசிபிபி காப்பாற்றுவது இயந்திரத்துக்குப் பணம் கொடுத்தவரை.

உங்கள் குடியிருப்பிலும் இந்தப் பேச்சு வரும். விலைப்பட்டியலில் "ஓசிபிபி உண்டு" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். சர்வர் முகவரியை நாமே மாற்ற முடியுமா, அதற்கான பாஸ்வேர்டு நம் கைக்கு வருமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.