மருந்துக்கும் ஓர் இடைவேளை

இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்து மணியோசையைக் கேட்டுக்கொண்டே ஜீவனம் நடத்தி வருகிறவன் நான். இடைவேளை மணி அடித்ததும், பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள் என்று எந்தப் பையனும் நினைப்பதில்லை. ஆனால் வைத்திய விஷயத்தில் மட்டும், கடுமையான மருந்தைச் சிறிது காலம் நிறுத்தினார்கள் என்றால், "கைவிட்டு விட்டார்கள்!" என்று வயது வந்தவர்களே முடிவு கட்டி விடுகிறார்கள். எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது.

என் தமக்கைக்கு இப்போது பிராயம் 62. சினைப்பையில் புற்றுநோய் என்று 2020-ல் தெரிய வந்தது. அறுவைச் சிகிச்சை ஆயிற்று. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக 6 தடவை கீமோ சிகிச்சை. கார்போபிளாட்டின், பாக்லிடாக்ஸெல் என்று இரண்டு மருந்துகள். முன்னது பிளாட்டினம் என்னும் உலோகத்தின் வம்சம். பின்னது யூ என்ற மரத்தின் பட்டையில் முதன் முதலாகக் கண்டெடுத்தது. இரண்டும் சேர்ந்து நோயை விரட்டின. விரட்டிய வேகத்தில் அக்காவின் தலைமயிரையும் விரல் நுனியின் உணர்ச்சியையும் சேர்த்து விரட்டிவிட்டன. 2022 முடிவில் நோய் திரும்பிற்று. மறுபடியும் 6 தடவை. அதன் பிறகு பூத் தொடுக்க உட்கார்ந்தால், நார் விரலில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

2024 ஆவணியில், இரத்தத்தில் சி.ஏ. 125 என்ற அளவு மெல்ல ஏறத் தொடங்கிற்று. அது 35-க்குள் இருக்க வேண்டும், 90 ஆகிவிட்டது. ஸ்கான் படத்தில் சிறு முடிச்சுகள் இரண்டு தெரிந்தன. ஆனால் அக்காவுக்கோ வலி இல்லை, பசி குறையவில்லை. டாக்டர் அம்மாள் யோசித்துவிட்டு, "இப்போது கீமோ வேண்டாம், அம்மா. கொஞ்ச காலம் மாத்திரை மட்டும் சாப்பிடுங்கள்" என்றார். லெட்ரோஸோல் என்ற ஹார்மோன் மாத்திரை, 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று.

வெளியே வந்ததும் அத்தான் என்னைத் தனியே அழைத்தார். "மாப்பிள்ளை! இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதைத்தான் இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார்களோ?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் புத்தகங்களைப் புரட்டினேன். இந்த வைத்தியம் நேற்று முளைத்ததல்ல. 1896-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் ஜார்ஜ் பீட்ஸன், மார்பகப் புற்றுநோய் முற்றிய ஸ்திரீகளுக்குச் சினைப்பைகளை அகற்றினால் சிலருக்குக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். 1962-ல் இங்கிலாந்தில் ஒரு ரசாயனக் கம்பெனி, கருத்தடைக்கென்று டாமாக்ஸிஃபென் என்னும் மருந்தைத் தயாரித்தது. வேடிக்கை என்னவென்றால், அது கருவைத் தடுப்பதற்குப் பதில் சினை முட்டை வெளிப்படவே உதவி செய்தது! அந்த வேலைக்கு உதவாத மருந்து, பின்னால் மார்பகப் புற்றுநோய்க்குச் சிறந்த மருந்தாயிற்று. சினைப்பை நோய்க்கும் வந்து சேர்ந்தது.

இதன் சூட்சுமம் இதுதான். சில புற்றணுக்களுக்குள்ளே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்து அமர்வதற்கு ஆசனங்கள் உண்டு. அது அமர்ந்தால், 'வளர்க' என்று உத்தரவு பிறக்கிறது. டாமாக்ஸிஃபென் முந்திக்கொண்டு ஆசனத்தைப் பிடித்துக்கொள்கிறது. லெட்ரோஸோலின் வழி வேறு. மாதவிடாய் நின்ற பிறகும் தேகத்தின் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறது. அந்த உற்பத்தியையே இது தடுத்துவிடுகிறது. கீமோ என்பது களை பிடுங்குவது. பிடுங்கும்போது பயிரும் அசையும். இதுவோ களைக்குப் போகும் வாய்க்காலை அடைப்பது.

ஆனால் இது சர்வரோக நிவாரணி அன்று. டாமாக்ஸிஃபெனைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில், சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வளராமல் நின்றது. நோய் மெதுவாக வளர வேண்டும். அணுவில் அந்த ஆசனங்கள் இருக்க வேண்டும். வயிற்றில் நீர் கட்டி, குடல் அடைபடும் நிலையில் இருப்பவர்கள் மாத்திரையை நம்பிக் காத்திருப்பது தகாது. லெட்ரோஸோலினால் மூட்டு வலியும் எலும்பு மெலிவும் உண்டாகக் கூடும்.

"எண் ஏறும்போது சும்மா இருக்கலாமா?" என்பது அத்தானின் அடுத்த கேள்வி. அதற்கும் விடை கிடைத்தது. 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சி.ஏ. 125 ஏறிய 529 ஸ்திரீகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு எண் ஏறியதுமே கீமோ. மற்றவர்களுக்கு நோயின் தொந்தரவு தோன்றிய பிறகு. இரு பிரிவாரும் வாழ்ந்த காலம் ஏறக்குறைய ஒன்றே. முந்திச் சிகிச்சை பெற்றவர்கள், முந்தித் துன்பம் அனுபவித்ததுதான் மிச்சம்! இதைக் கேட்டுவிட்டு அத்தான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் மாத்திரையையும் வெந்நீரையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அக்காவுக்கு ஒன்பது மாதம் கிடைத்தது. எண் 110 வரை ஏறி, அங்கேயே நின்றது. முழங்கால் வலித்தது உண்மை. ஆனால் தலையில் மயிர் வளர்ந்தது. விரலில் பாதி உணர்ச்சி திரும்பிற்று. பேத்திக்குத் தன் கையாலேயே பின்னல் போட்டுப் பூ வைத்தாள். மூன்று வாரக் கணக்கை மறந்துவிட்டு, அமாவாசை, கார்த்திகை என்று பழைய கணக்கில் நாள் எண்ணினாள்.

2025 வைகாசியில் முடிச்சுகள் பெருத்தன. ஆனியில் மறுபடியும் கீமோ ஆரம்பமாயிற்று. நோய் தீரவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாததன்று. ஆனால் உயிரோடிருக்கும் நாட்களைக் கூட்டுவது மட்டுமல்ல, அந்த நாட்களை நோயாளிக்கே திருப்பிக் கொடுப்பதும் வைத்தியந்தான். நேயர்கள் வீட்டில் யாருக்கேனும் டாக்டர் இத்தகைய ஓய்வைச் சொன்னால், கலங்க வேண்டாம். "நோயின் வேகம் என்ன? ஹார்மோன் பரிசோதனை ஆயிற்றா? எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

"தம்பி, ஒன்பது மாசம் நான் நோயாளியாக இல்லை, மனுஷியாக இருந்தேன். அந்தத் தெம்பிலே இதையும் பார்த்துவிடலாம்" என்று ஊசிக்குக் கையை நீட்டுமுன் அக்கா சொன்னாள். புத்தகங்களைப் புரட்டிய எனக்கு இதை விடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.