காங்கோ நதிக்கரையில் ஒரு பெருநகரமும் திருச்சபையும்

ஆப்பிரிக்காவின் நடுவே பெருகியோடும் காங்கோ நதியின் தென்கரையில் கின்ஷாசா நகரம் பரந்து கிடக்கிறது. எதிர்க்கரையில் தெரிவது மற்றொரு நாட்டின் தலைநகரான பிராசவில். பெல்ஜியர் ஆட்சியில் லெயோபோல்ட்வில் எனப் பெயர் பெற்றிருந்த கின்ஷாசாவில், 1960-இல் நாடு விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 4 லட்சம் மக்களே வாழ்ந்தனர். இன்றோ 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் அங்கே நெருங்கி வாழ்கின்றனர்.

கிராமத்தில் ஒருவனுக்குத் திருமணமோ, நோயோ, வழக்கோ வந்தால் குலத்துப் பெரியோர் கூடி வழி காட்டுவர். நகரின் குறுகிய சந்துகளில் அந்த நிழல் இல்லை. பள்ளியும் மருந்தகமும் சூழ, கோயிலை நடுவாக வைத்து வளர்ந்த பழைய மறைபோதக முறை இவ்வளவு பெரிய கூட்டத்திற்குப் போதவில்லை, குருக்களும் போதவில்லை.

இதனை நன்குணர்ந்தவர் கர்தினால் ஜோசப் மலூலா. 1964 முதல் 1989-இல் இறக்கும் வரை அவர் கின்ஷாசாவின் பேராயராக விளங்கினார். கிறிஸ்தவப் பெயர்களை விலக்குமாறு அதிபர் மொபுட்டு 1972-இல் கட்டளையிட்டபோது, அவரோடு முரண்பட்ட மலூலா சில காலம் உரோமையில் தங்க நேர்ந்தது. ஆயினும் ஆப்பிரிக்கத் தன்மையைத் திருச்சபை ஏற்கவேண்டும் என்பதில் அவரைவிட முனைந்தவர் எவருமிலர். 1975 முதல், இல்லறத்தாரான பொதுநிலையினரைப் பயிற்றுவித்துப் பங்குகளின் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்தார். லிங்காலா மொழியில் அத்தகையவர் ‘மொகம்பி’ எனப்படுவார்.

1988-இல் திருப்பீடம் ஏற்றுக்கொண்ட சாயீர் வழிபாட்டு முறையும் அம்முயற்சியின் கனியே. அதில் புனிதர்களோடு நேர்மையாய் வாழ்ந்த மூதாதையரும் அழைக்கப்படுகின்றனர். இறைவாக்கைக் கேட்ட பின்னரே மக்கள் பாவ மன்னிப்பு வேண்டிச் சமாதானம் பகிர்கின்றனர். முதலில் கேட்டல், பின்னர் மனம் திரும்புதல் என்பது எவ்வளவு பொருத்தமான ஒழுங்கு! 2019 டிசம்பர் 1-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்திலேயே இம்முறைப்படி திருப்பலி நிறைவேற்றினார்.

ஆனால் வழிபாடு மாறியதால் மட்டும் வாழ்க்கைச் சிக்கல்கள் தீரவில்லை. மணமகன் பெண்வீட்டாருக்குப் பரிசம் தரவேண்டும் என்பது அந்நாட்டு மரபு. 1987-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டமும் அதனை வற்புறுத்துகிறது. இரு குடும்பங்களை இணைக்கும் அடையாளமாக இருந்த பரிசம், பணமே அளவுகோலான நகரில் பெருஞ்சுமையாயிற்று. அதனைத் திரட்ட இயலாத இளைஞர் கோயில் திருமணம் இன்றியே சேர்ந்து வாழ்கின்றனர். ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் பாடியும் நற்கருணை உட்கொள்ள இயலாது நிற்கின்றனர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. வேலையின்மையும் நோயும் வாட்டும் தெருக்களில் ‘விழிப்புச் சபைகள்’ எனப்படும் புதுச் சபைகள் பல எழுந்துள்ளன. உடனடிக் குணமும் செல்வமும் வாக்களிப்பது அவற்றின் கவர்ச்சி. அவற்றின் போதகருள் சிலர், குடும்பத்தின் துன்பத்திற்கு ஒரு குழந்தையின் சூனியமே காரணம் என்று சுட்டுகின்றனர். பெரும்பாலும் தாய் தந்தையை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளையே இப்பழிக்கு ஆளாகித் தெருவுக்குத் துரத்தப்படுகிறது. 2006-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இக்குற்றச்சாட்டையே தடை செய்துள்ளது. எனினும், அச்சம் குடிகொண்ட வீட்டினுள் சட்டம் எளிதில் நுழைவதில்லை.

அங்கே நுழையவல்லது அண்டை வீட்டாரின் அன்பே. சந்துதோறும் சில குடும்பங்கள் கூடி வேதம் வாசிக்கும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்களை மலூலாவும் காங்கோ ஆயர்களும் வளர்த்தது இதற்காகவே. நோயாளியை முதலில் சந்திப்பவரும், பிள்ளையின் மீது பழி எழும்போது அதனை முதலில் அறிபவரும் அவர்களே.

2023 பிப்ரவரி 1-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நகரின் விமான நிலையத்தில் நிறைவேற்றிய திருப்பலியில் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். விசுவாசத்தின் வேர் அங்கே உயிரோடுள்ளது என்பதற்கு அது சான்று. அன்பார்ந்த வாசகர்களே, அத்திரளினும் மேலான சான்று ஒன்றுண்டு: துரத்தப்பட்ட ஒரு சிறு பிள்ளைக்காக ஒரு கிறிஸ்தவ இல்லத்தின் கதவு இரவில் திறக்கப்படுவதே அது. பெருநகரில் திருச்சபையின் எதிர்காலம் அக்கதவைப் பொறுத்தே அமையும்.