'அஸ்' என்றொரு சொல்

சென்ற ஆண்டு ஆய்வரங்கு ஒன்றின் பொருட்டு இஸ்தான்புல் நகரில் ஐந்து நாள் தங்கினேன். கைப்பணமோ சொற்பம்; மொழியும் தெரியாது. கடை ஏறி விலை கேட்கவும் கூச்சம். முதல் இரண்டு நாளும் ரொட்டியும் வாழைப்பழமுமே உணவாயின.

மூன்றாம் நாள், அரங்கில் அறிமுகமான துருக்கி மாணவர் ஒருவர் 'எஸ்னாஃப் லொகாந்தா'வுக்கு அழைத்துச் சென்றார். கைத்தொழிலாளரும் சிறு வணிகரும் நண்பகலில் உண்ணும் கடை அது. சமைத்த பண்டங்கள் கண்ணெதிரே ஆவி பறக்க வரிசையாயிருந்தன. விரல் நீட்டினால் போதும்.

"'அஸ்' என்று சொல்லுங்கள்" என்றார் நண்பர். 'கொஞ்சம்' என்பது பொருள். சொன்னேன். வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் குறைந்த அளவில் வந்தன; விலையும் குறைந்தது. பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்ததும் வீட்டு ரசம் நினைவுக்கு வந்தது. கூடை நிறைய ரொட்டி. அதற்குத் தனிக் காசில்லை. பக்கத்து மேசை முதியவரும் 'அஸ்' என்றே கேட்டார். எவரும் அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை.

கொஞ்சம் கேட்பது இழிவென்றெண்ணி இரண்டு நாள் அரை வயிறாய்க் கிடந்தேனே! அந்த இழிவு கடையில் இல்லை, நண்பர்களே. என் நெஞ்சில்தான் இருந்தது. இப்போது நம் விடுதிக்கு எதிர்க்கடையிலும் கூசாமல் கேட்கிறேன், அரைத் தட்டு.