எல்லாக் கைகளுக்கும் வேலை உள்ள திருநாள்

சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரத்தில் பெரிய வியாழனுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே வீட்டு அலுமாரிகளில் கோதுமை முளைக்கத் தொடங்கிவிடும். தட்டில் ஈரப் பஞ்சைப் பரப்பி, கோதுமையும் பருப்பும் தூவி, வெளிச்சம் படாத மூலையில் வைத்துத் தவறாமல் தண்ணீர் தெளிப்பார்கள். வெயில் காணாத முளை பச்சை பிடிக்காது. வெளிறிய மஞ்சளில் நூல் நூலாக நீண்டு வரும். அதை நடுவே சிவப்பு நாடாவால் கட்டி, பெரிய வியாழன் மாலை நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் பீடத்தின் முன் கொண்டுபோய் வைப்பார்கள். லவுரெட்டி என்று சிசிலிக்காரர் சொல்லும் இந்தத் தட்டுகளைக் கண்டபோது, ஊரில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போடும் முளைப்பாலிகைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி இயேசு சொன்னதை, இந்த ஊர்ப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கேட்பதற்கு முன்பே பஞ்சில் தண்ணீர் தெளித்து அறிந்துகொள்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். தவக்காலமும் சிலுவைப்பாதையும் பாஸ்கா நாடகமும் எங்களுக்குப் புதியவை அல்ல. ஆனாலும் உயிர்ப்புத் திருநாளின் உள்கட்டு எனக்கு விளங்கியது சிசிலியில்தான். விசுவாசம், குடும்பம், சாப்பாடு மூன்றையும் இங்கே சேர்த்துக் கட்டியிருப்பது உழைப்பு. பொடியன் முதல் கிழவி வரை ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கண்ணாரக் காண வேண்டுமென்றால் பெரிய வெள்ளியன்று தீவின் மேற்கு முனையிலுள்ள திராப்பானிக்குப் போக வேண்டும். பிற்பகல் 2 மணிக்குப் புர்கத்தோரியோ ஆலயத்திலிருந்து பாடுகளின் சுரூபங்கள் புறப்பட்டால் மறுநாள் பிற்பகல்தான் திரும்பும். மரமும் துணியும் பசையும் கொண்டு செய்த 20 தொகுதிகள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழில் செய்வோரின் பொறுப்பில் விடப்பட்டு வந்திருக்கின்றன. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் செபிக்கும் காட்சி தோட்டக்காரர்களுடையது. சிலுவையைத் தூக்கி நிறுத்தும் காட்சி தச்சர்களுடையது. அடக்கத்துக்குக் கொண்டுபோகும் காட்சி உப்பளத் தொழிலாளர்களுடையது. இறந்த ஆண்டவரின் பேழை பாஸ்தா செய்வோருடையது. தான் அன்றாடம் செய்யும் தொழிலோடேயே ஒருவன் ஆண்டவரின் பாடுகளுக்குள் நுழைகிறான்.

சுமப்பவர்கள் தோளில் ஏற்றியதும் நேராக நடந்துவிடுவதில்லை. பாண்ட் வாத்தியக்காரர் வாசிக்கும் துக்க இசைக்கு இசைந்து இடமும் வலமுமாக மெல்ல ஆடியே முன்னேறுகிறார்கள். தூக்கவும் இறக்கவும் மரக்கட்டையைத் தட்டும் ஓசைதான் சைகை. எனக்குப் பக்கத்தில் ஓய்வுக்கு நின்ற ஒருவரின் சட்டை விலகியபோது பார்த்தேன், தோளில் காய்ப்பு ஏறி உள்ளங்கை அளவுக்குத் தடித்திருந்தது. அவர் தன் மகனையும் கூட்டி வந்திருந்தார். தோள் கொடுக்க உயரம் போதாத அந்தப் பிள்ளையின் கையை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, பிறகுதான் தானும் சுமக்கக் குனிந்தார்.

இந்தச் சுரூபங்கள் முன்பு இருந்த புனித மிக்கேல் ஆலயம் 1943 குண்டு வீச்சில் அழிந்தது. சேதமானவற்றைச் செப்பனிட்டு மறுபடியும் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இடிந்த ஆலயங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த வரலாற்றை அறிந்த பிறகு அந்தப் பவனியை வேடிக்கை பார்க்க முடியவில்லை. நானும் கூடவே நடந்தேன்.

வெள்ளி தெருவுக்கு என்றால் சனி குசினிக்கு. பலெர்மோவில் எங்கள் மேல் மாடியில் வசிக்கும் வயதான அம்மாவைக் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் நோன்னா, அதாவது பாட்டி, என்றே கூப்பிடுவார்கள். அன்று காலை அவர் மேசையில் கோதுமை மா, சீனி, பன்றிக் கொழுப்பு, எலுமிச்சைத் தோல் துருவல் எல்லாம் சேர்த்துக் குழைப்பார். குட்டுரா என்ற இந்த இனிப்புப் பாணைப் புறாவாகவும் கூடையாகவும் மணியாகவும் வடித்து, முட்டையை ஓட்டோடு அதில் பதிக்க வேண்டும். பிறகு மெல்லிய மாப்பட்டிகள் இரண்டை முட்டைக்கு மேலே சிலுவையாக இட வேண்டும். பட்டியை இழுத்து ஒட்டினால் சூட்டில் அறுந்துபோகும். தளர விட்டால் முட்டை நிற்காது. நோன்னா பெருவிரலால் ஓரத்தை அழுத்தி ஒருமுறை காட்டுவார். அதன்பின் அது பிள்ளைகளின் வேலை. அவர் திருத்தப் போக மாட்டார். மேலே முட்டை பூசி வண்ணச் சீனி மணிகள் தூவுவது கடைக்குட்டியின் உரிமை. கோணலாக வந்த புறாவும் திருநாள் மேசையில் நேரான புறாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

முட்டைக்கு இந்த மரியாதை வந்த காரணம் உண்டு. பழைய காலத்தில் தவக்கால நோன்பில் இறைச்சியோடு முட்டையும் பாலும் விலக்கப்பட்டிருந்தன. கோழிக்கு நோன்பு தெரியாது. அது இட்டுக்கொண்டேதான் இருக்கும். சேர்ந்த முட்டைகளெல்லாம் திருநாளுக்கு வந்து சேர்ந்தன. கஸ்ஸாத்தாவும் அப்படிப் பருவத்தோடு பிறந்த பலகாரம். குளிர்கால மழையில் தழைத்த புல்லை மேய்ந்து ஆடுகள் பால் சுரக்கும் காலம் இது. அந்தப் பாலின் ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டியைச் சீனியோடு அடித்து, கேக்கின் நடுவே வைத்து, பச்சை நிற வாதுமைப் பசையால் சுற்றி, சீனிப்பாகில் ஊறிய பழங்களால் அலங்கரிப்பார்கள். 9ஆம் நூற்றாண்டில் சிசிலியைப் பிடித்த அரபியர் கொண்டுவந்த கரும்பும் எலுமிச்சையும் இல்லாமல் இந்தத் தீவின் இனிப்புகளே இல்லை. முஸ்லிம்கள் பயிரிட்டுக் கொடுத்த சுவையால் கிறிஸ்தவர்கள் உயிர்ப்பைக் கொண்டாடுகிறார்கள். இதைச் சொல்ல நோன்னாவுக்குத் துளியும் தயக்கமில்லை.

பெரிய வியாழனோடு ஓய்ந்த ஆலய மணிகள் சனி இரவுத் திருவிழிப்பில், வானவர் கீதத்தின்போது, மறுபடியும் ஒலிக்கும். ஞாயிறு மதியம் குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் கூடும். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஒலிவக் கிளையைத் தீர்த்தத்தில் தோய்த்து, வீட்டுக்குப் பெரியவர் மேசைமீதும் தலைகள்மீதும் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் ஆட்டுக்குட்டி இறைச்சியும் கூனைப்பூவும் அடுப்பில் சுட்ட வளையப் பாஸ்தாவும்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் குண்டுவெடிப்பில் இறந்த செய்தி எங்களை எழுப்பியது. தொலைபேசியை விட்டு நகர முடியாமல் இருந்தோம். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மதியம் கதவைத் தட்டினார்கள். மேல் வீட்டுக் குடும்பம் சட்டிகளோடும் தட்டுகளோடும் இறங்கி வந்திருந்தது. நோன்னா எங்கள் மேசையில் துணி விரித்து, ஒலிவக் கிளையை என் கணவரின் கையில் கொடுத்து, இறந்தவர்களுக்காக முதலில் செபிக்கச் சொன்னார். பிறகு எல்லாரையும் சாப்பிட வைத்தார். ஆறுதல் வார்த்தைகள் பல வந்தன அந்த நாட்களில். எங்களைத் தாங்கியது அந்தச் சோறுதான்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாளான திங்கட்கிழமை, வழக்கமாக வெளியே போகும் நாள். பெல்லெக்ரீனோ மலையடியிலுள்ள ஃபவோரித்தா பூங்காப் பக்கமும் கடற்கரைகளிலும் குடும்பங்கள் கூடி, கரியடுப்பில் இறைச்சி சுட்டு உண்ணும். அந்த மலை எங்களுக்கும் சொந்தம்தான். மேலே புனித ரோசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பலெர்மோத் தமிழர் கத்தோலிக்கர், சைவர் என்ற வேறுபாடில்லாமல் வேண்டுதலோடு ஏறிப் போகிறார்கள்.

புலம்பெயர்ந்த நாட்டில் பிள்ளைகள் கோயிலை மறக்கிறார்கள், பண்டிகையை மறக்கிறார்கள் என்று கவலைப்படுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அவர்களுக்குப் புது உடுப்பையும் நிரம்பிய தட்டையும் கொடுக்கிறோமே தவிர, வேலை கொடுப்பதில்லை. உங்கள் வீட்டுத் திருநாள் எதுவானாலும், அதில் ஒரு வேலையைப் பிள்ளைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். மா குழைக்கட்டும், விளக்குத் துடைக்கட்டும், பீடத்துக்குப் பூ எடுத்துப் போகட்டும். கோணலாகச் செய்தாலும் திருத்தாமல் மேசையில் வையுங்கள். அடுத்த வருடம் அந்த வேலையை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.